கன்னியம்மாள் இருக்கும் படங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறுமை கிடையாது. ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் உட்காருகிறவளுக்குப் பொறுமைதான் முதல் தகுதி என்று வேலைக்கு எடுத்தபோது மேனேஜர் சொன்னார். சரிங்க சார் என்று நன்றாகத் தலையாட்டினேன். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு சண்டை போட்டாயிற்று. நம் குணம் எங்கே போகும்?

என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. பெயர் வைத்த அப்பா பாகூரில் நெல் போடுகிறார். நான் தினம் ஸ்கூட்டியில் புதுச்சேரிக்கு வந்து இந்த மேசையில் உட்காருகிறேன். சிவப்பு ரேஷன் கார்டு வைத்திருக்கும் ஏழை வீட்டுக்காரர்கள் அரசாங்கக் காப்பீட்டு அட்டையோடு வருவார்கள். அட்டை சரியா என்று கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். டாக்டர் சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். கடைசியாக, நோயாளி கட்டிலில் படுத்திருக்கும் போட்டோ ஒன்று எடுத்து அனுப்ப வேண்டும். ஆள் உண்மையாகவே வந்து படுத்திருக்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி. சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் பார்த்து ஓகே கொடுத்தால் ஆபரேஷன் நடக்கும். சந்தேகம் வந்தால் திருப்பிக் கேள்வி கேட்பார்கள். அதற்கு எங்கள் பாஷையில் குவெரி. அந்தச் சொல்லைக் கேட்டாலே வார்டு நர்சிலிருந்து சர்ஜன் வரை எல்லோருக்கும் முகம் சுருங்கும். திட்டு மட்டும் எனக்கு வரும்.

ஆனால் நான் சொல்ல வந்தது என் கதையை இல்லை, கன்னியம்மாள் அக்காவின் கதையை.

அக்கா எங்கள் மேல்மாடி வார்டில் உதவியாள். நோயாளியைத் துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்க வைப்பது, தள்ளுவண்டியில் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவது எல்லாம் அவள் வேலை. குருசுக்குப்பம் என்ற மீனவக் குப்பத்துக்காரி. ஐம்பதைத் தொட்டிருப்பாள். புருஷன் அம்மாவாசை விசைப்படகுக்குப் போகிறவர், பையன் இங்கேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். இங்கே வருவதற்கு முன் அக்கா தலையில் கூடை வைத்துத் தெருத் தெருவாக மீன் விற்றாள். கூடையை இறக்கினாளே தவிர குரலை இறக்கவில்லை. "கஞ்சி வந்துடுச்சி, கஞ்சீ!" என்று அவள் வார்டு வாசலில் நின்று கூவினால், கீழே பார்மசியில் நிற்கிறவர்கள் சங்கரா மீன் வந்திருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அட்டை வருவதற்கு முன்னால் எங்கள் ஆஸ்பத்திரி தூங்கி வழிந்தது என்று ஜெயசித்ரா சிஸ்டர் சொல்வார். அவர்தான் வார்டின் மூத்த நர்ஸ். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீட்டுப் பெரியவர்கள் இருமலுக்கு வந்து தனி அறையில் படுத்துவிட்டுப் போவார்களாம். மேல்மாடி பூட்டியே கிடந்ததாம். மத்தியானத்தில் நர்சுகள் வாரப் பத்திரிகை படிப்பார்களாம். அட்டைத் திட்டத்தில் ஆஸ்பத்திரி சேர்ந்ததும் மேல்மாடியைத் திறந்து கட்டில் போட்டார்கள். கட்டில் போட்டால் ஆள் வேண்டுமே. அப்படித்தான் நான் வந்தேன், அப்படித்தான் அக்காவும் வந்தாள். "இப்பல்லாம் பின்னுன சடை அவுந்தா மறுபடி பின்ன நேரமில்ல" என்று சிஸ்டர் அலுத்துக்கொள்வார். லீவு எடுங்கள் என்றால் எடுக்கவும் மாட்டார். அந்த அலுப்பில் ஒரு பெருமை இருக்கிறது. எனக்கும் அது உண்டு, பொய் சொல்வானேன்.

சித்திரை பிறந்தால் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். கடலுக்குப் போக முடியாத அந்த இரண்டு மாதத்தில்தான் வலையின் ஓட்டையை அடைப்பார்கள், என்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். அட்டை வந்த பிறகு உடம்பையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். குடலிறக்கம் வருஷம் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கட்டும், தடைக்காலம் வந்தால்தான் ஆபரேஷன். நல்லதுதான். ஆனால் குப்பமே ஒன்றாகக் கிளம்பி வந்தால் ஒரு மேசைக்காரி என்ன செய்வாள்? எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் பாவாடை அண்ணன் வந்தார். அம்மாவாசையோடு ஒரே படகில் போகிறவர். ஆறடி ஆள், தேக்கு மாதிரி உடம்பு. விரைவீக்கத்தை இரண்டு வருஷமாக லுங்கிக்குள் மறைத்து வைத்திருந்தவரை அக்காதான் வைது வைது கூட்டிக்கொண்டு வந்தாள். எல்லாச் சீட்டையும் ஏற்றிவிட்டு, போட்டோ எடுக்க நான் மேலே போனேன். "படுங்கண்ணே, ஒரு போட்டோ" என்றேன். அவ்வளவுதான், மனுஷன் கட்டிலை விட்டுக் குதித்து இறங்கிவிட்டார்.

"படுக்க வச்சி போட்டோவா? இன்னாம்மா வெளையாடுறியா? எங்க ஊர்ல எப்ப படுக்க வச்சி போட்டோ எடுப்பாங்க தெரியுமா?"

எனக்குப் புரிந்தது. எங்கள் பாகூரிலும் அந்த வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால் போட்டோக்காரர் வருவார். மாலை போட்டுக் கிடத்தியிருக்கும் உடம்பைச் சுற்றிப் பெண்டு பிள்ளைகள் அழுதுகொண்டு உட்கார, ஒரு படம். ஒருவர் படுத்திருக்கும் படம் என்று வீட்டில் இருந்தால் அது ஒன்றுதான். அதற்காக ஆபரேஷனை விட்டுவிடுவதா? நான் நியாயம் சொன்னேன். கெஞ்சினேன். கடைசியில் கத்தினேன். அவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அப்போது அக்கா வந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கட்டிலில் ஏறி, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, இங்க பாரு. சாவு போட்டோல பக்கத்துல குந்தினு இருக்கறவங்க இன்னா பண்ணுவாங்க?"

"அழுவாங்க."

"நான் சிரிக்கிறேன். பல்லு எல்லாம் தெரியறமாரி சிரிக்கிறேன். சிரிக்கிறவ பக்கத்துல இருந்தா அது எப்படி சாவு போட்டோ ஆவும்? நீயே சொல்லு."

பாவாடை அண்ணன் யோசித்தார். படுத்தார். அக்கா அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, மொத்தப் பல்லையும் காட்டிச் சிரித்தாள். நான் எடுத்து அனுப்பினேன். மறுநாளே ஓகே வந்துவிட்டது.

அதோடு வழக்கமாகிவிட்டது. குப்பத்து ஆள் யார் வந்தாலும், "கன்னியம்மா உக்காந்தாத்தான் படுப்பேன்" என்பார்கள். குடலிறக்கம், கருப்பை, மூலம், பித்தப்பை, எதுவாக இருந்தாலும் அக்கா இருப்பாள். போகப் போக அவளுக்கும் ருசி கண்டுவிட்டது. காலையில் வரும்போதே, "இன்னிக்கு போட்டோ எத்தினி?" என்று கேட்பாள். நிறையப் பேர் என்றால் தலையில் பூ இருக்கும்.

"யக்கா, இது உன் கல்யாண ஆல்பமா? ஓரமா போய் நில்லு, கம்பெனிக்காரன் பாத்தா என்ன நெனப்பான்" என்று நான் வாய் ஓயாமல் திட்டுவேன்.

"என் கல்யாணத்துல எவன் போட்டோ எடுத்தான்? இதுலயாவது இருந்துட்டுப் போறேன் உடு" என்பாள். இவளை என்ன செய்வது? தலையில் அடித்துக்கொண்டு எடுப்பேன். கம்பெனிக்காரர்களும் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை.

இந்த வருஷம் தடைக்காலம் தொடங்கியபோது அக்காவின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியிருந்தது. சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்வாள். கேட்டால் வாயு என்பாள். கோலி சோடா வாங்கிக் குடிப்பாள். ஊரில் ஒருத்தர் விடாமல் வலித்தால் டாக்டரைப் பார் என்று பிடித்துத் தள்ளிக்கொண்டு வருகிறவள், தனக்கு மட்டும் சோடா வைத்தியம் பார்த்தாள். ஒருநாள் நோயாளியை வண்டியில் தள்ளிக்கொண்டு போனவள், அப்படியே வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வண்டியில் படுத்திருந்த ஆள் இறங்கி இவளைத் தூக்கினார். சிஸ்டர் விசாரிக்கவே இல்லை, நேரே ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போனார். பித்தப்பை நிறையக் கல். பை வீங்கியும் இருந்தது. "ஊசி போட்டு வீக்கத்தை அமத்தி வெக்கறேன். ஆனா ரொம்பத் தள்ளிப் போடாதீங்க" என்று சர்ஜன் என்னிடம் சொன்னார்.

அக்காவை அவள் வார்டிலேயே ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தோம். சந்தோஷமாகத்தான் படுத்தாள். "எத்தினி பேருக்கு விரிச்ச மெத்த இது, நான் படுத்து பாத்ததே இல்லியே" என்றாள். நானும் சந்தோஷமாக அவள் அட்டையைக் கம்ப்யூட்டரில் போட்டேன். இந்த வருஷத்திலிருந்து ஒரு புது ஏற்பாடு வந்திருந்தது. அட்டைக்காரர் முகத்தைக் கேமராவில் காட்ட வேண்டும், கம்ப்யூட்டர் அதைத் தன்னிடம் இருக்கும் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். செல்போனை நீட்டி, அக்காவின் முகத்தைக் காட்டி அனுப்பினேன்.

சாயங்காலம் வந்த குவெரியைப் படித்து எனக்குக் காது அடைத்துவிட்டது. இந்த அட்டைதாரரின் முகம் ஏற்கெனவே பல சிகிச்சைப் படங்களில் நோயாளியாகக் காணப்படுகிறது, முறைகேடு என்று சந்தேகம், விசாரணை முடியும்வரை குடும்ப அட்டை நிறுத்திவைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. கீழே பட்டியல். அக்காவுக்கு நாலைந்து தடவை குடலிறக்கம். இரண்டு தடவை கருப்பையை எடுத்தாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, விரைவீக்கம்! பொம்பளைக்கு விரைவீக்கமா என்றுகூட அந்தக் கம்ப்யூட்டருக்குத் தோன்றவில்லை. வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

சிரிப்பு வரவில்லை. அட்டை போனால் அக்காவோடு போகாது, அம்மாவாசைக்கும் போகும், பையனுக்கும் போகும். ஜிப்மர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் அட்டை இல்லாமலே ஆபரேஷன் நடந்துவிடும், அது எனக்கும் தெரியும். ஆனால் அட்டையில் தில்லுமுல்லு பண்ணினவள் என்ற பெயரோடு இந்த வார்டுக்குள் அவள் மறுபடி எப்படி வருவாள்? மேனேஜர் அதற்குள், "அந்தம்மாவ வேலைக்கு வெச்சிக்கிறது சரியா வருமான்னு பாக்கணும்" என்று முனகத் தொடங்கிவிட்டார். எனக்கு வந்ததே கோபம். "அந்த அக்கா உக்காரலன்னா ஒங்க வார்டுல பாதி கட்டில் காலி சார்" என்றேன்.

அக்காவிடம் நான் மறைக்கத்தான் பார்த்தேன். என் முகம் எதை மறைத்தது? கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மீன் வித்தப்பகூட பழசப் புதுசுன்னு சொல்லி ஒருத்தர் தலையில கட்டுனதில்ல செல்வி. என்னப் போயி..." என்றாள். அப்புறம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த வாய் சிரித்து, கத்தி, ஊரை வைது பார்த்திருக்கிறேன். அழுது பார்த்ததில்லை.

இரண்டொரு நாளில் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஆள் வந்தார். பெயர் கோபிநாத். சின்ன வயசு, இஸ்திரி சட்டை, கையில் டேப்லெட். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. சண்டை போடுவதற்கு என்று ராத்திரி முழுக்க நான் சேர்த்துவைத்த வார்த்தையெல்லாம் வீண்.

"சார், படத்த நல்லா பாருங்க. ஒவ்வொன்னுலயும் படுத்திருக்கிறது வேற வேற ஆளு. உக்காந்திருக்கிறது மட்டும் எங்கக்கா" என்றேன்.

"தெரியுது மேடம். ஆனா கம்ப்யூட்டர் எந்த முகம் தெளிவா இருக்கோ அதத்தான் எடுத்துக்கும். இவங்க கேமராவப் பாத்து சிரிக்கிறாங்க. நோயாளிங்க எல்லாரும் கண்ண மூடிட்டு இருக்காங்க."

"பயத்துல மூடிக்கிறாங்க சார்."

"எதுக்குப் பயம்?"

சொன்னேன். பாவாடை அண்ணனிலிருந்து ஆரம்பித்து, சாவு போட்டோ, அழுகை, சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. ஆனால், "நான் நம்புறேன் மேடம். நம்புறேன்னு ரிப்போர்ட்ல எழுத முடியாதே. படத்துல இருக்கற ஆளுங்களுக்கு நெசமா ஆபரேஷன் நடந்திருக்குன்னு நான் நேர்ல பாத்தாகணும். ஒவ்வொரு வீடா போய் எப்ப முடிக்கிறது?" என்றார்.

"தடைக்காலம் சார். எல்லாரும் ஊர்லதான் இருக்காங்க. நீங்க எங்கயும் போவாதீங்க" என்று சொல்லிவிட்டு பாவாடை அண்ணனுக்கு போன் போட்டேன். தேங்காய்த்திட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மாவாசையும் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன், "கன்னியம்மாவையா சொன்னான்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் நான் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே வாசலில் கூட்டம். குருசுக்குப்பமே இறங்கி வந்திருந்தது. வலைக்காரர்கள், ஏலம் எடுக்கிறவர்கள், மீன் விற்கிற பெண்கள், எல்லோரும் வெளுத்த உடுப்பில் கோவிலுக்கு வந்த மாதிரி வரிசையாக நின்றார்கள். வாட்ச்மேன் மிரண்டுபோய் கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். கோபிநாத் ஆட்டோவிலிருந்து இறங்கி, இதைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறப் போனார். நான் விடவில்லை.

"யாரு சார் கேட்டது ஆபரேஷன் நடந்துச்சான்னு? இந்தா பாரு" என்று முதல் ஆள் சட்டையைத் தூக்கினார். அவ்வளவுதான், ரிசப்ஷன் முழுக்க வயிறு. குறுக்குத் தழும்பு, நெட்டுத் தழும்பு, தொப்புள் பக்கத்தில் பொட்டு மாதிரி தழும்பு. ஒருவர் தன் தழும்பைக் காட்டியதோடு பக்கத்து ஆளின் சட்டையையும் தூக்கிக் காட்டினார். பெண்களை ஜெயசித்ரா சிஸ்டர் உள்ளே அழைத்துப் போய்ப் பார்த்து எழுதிக் கொடுத்தார். கோபிநாத் டேப்லெட்டில் படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். நெற்றியில் வியர்வை.

கடைசியில் பாவாடை அண்ணன் வந்து ஆறடியும் நிமிர்ந்து நின்றார்.

"ஒங்களுக்கு என்ன ஆபரேஷன்?" என்று கேட்டுக்கொண்டே கோபிநாத் படத்தைத் தேடினார். அண்ணன் லுங்கி முடிச்சில் கையை வைத்தார்.

"காட்டட்டா சார்?"

"ஐயோ வேணாம்! வேணாங்க! நம்புறேன்!" என்று கோபிநாத் எழுந்தே நின்றுவிட்டார். மேனேஜர் முதற்கொண்டு அத்தனை பேரும் சிரித்தார்கள். மாடிப்படியின் உச்சியில் அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், அவள் சிரிப்பு கீழே வரை கேட்டது. வலியோடு சிரிக்கிறாளே என்று எனக்குத் திட்டவும் தோன்றியது, கண்ணும் கலங்கியது.

மத்தியானம் கோபிநாத் ரிப்போர்ட் எழுதினார். முறைகேடு ஏதும் இல்லை, அட்டையைத் திறக்கலாம். எனக்கு அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் எழுந்திருக்கும்போது ஒன்று சொன்னார்.

"இனிமே படத்துல நோயாளி முகம் மட்டுந்தான் இருக்கணும் மேடம். வேற முகம் தெரிஞ்சா கம்ப்யூட்டரே திருப்பிடும், நான் ஒன்னும் பண்ண முடியாது. மொதல்ல அந்தம்மா படத்தையே அப்படி எடுத்து அனுப்புங்க. வந்த ஒடனே ஓகே பண்ணிடறேன்."

இவ்வளவுதானே என்று மேலே ஓடினேன். "யக்கா, முடிஞ்சிது! படு, ஒரு போட்டோ, நாளைக்கே ஆபரேஷன்!"

அக்கா தலையணையைச் சரி செய்தாள். புடவையை இழுத்துவிட்டுக்கொண்டாள். படுத்தாள். நான் செல்போனைத் தூக்கினேன். எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பூ இல்லையாம். சிஸ்டர் பூ கொடுத்தார். மறுபடி படுத்தாள், மறுபடி எழுந்தாள். விளக்கு கண்ணில் அடிக்கிறதாம். எனக்கு எரிச்சல் ஏறியது.

"ஏன்க்கா, ஊருக்கே நியாயம் சொன்னவ, ஒனக்கு என்ன வந்துது?"

"எனக்கு பயமா இருக்குது செல்வி" என்றாள்.

அக்கா பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மெதுவாகச் சொன்னாள். அவள் அம்மாவை அப்படிக் கிடத்திப் படம் எடுத்தபோது அவள் பக்கத்தில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அந்தப் படம் இன்னமும் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதாம், எடுத்துப் பார்க்கத் தைரியம் வந்ததில்லையாம். கட்டிலில் ஏறி உட்கார்ந்து சிரித்ததெல்லாம் வந்தவர்களின் பயத்துக்கு மட்டுமில்லை, அவளுடைய பயத்துக்கும்தான்.

"ஊருக்கெல்லாம் நான் பக்கத்துல குந்தி சிரிச்சேன். எனக்குன்னு வந்தப்ப ஒருத்தரும் இருக்கக் கூடாதுன்றான்" என்றாள்.

நான் செல்போனை சிஸ்டர் கையில் கொடுத்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் தரையில் உட்கார்ந்தேன். நேற்றுத்தான் வெளுத்த சுடிதார், தரையில் டெட்டால் ஈரம். இருந்துவிட்டுப் போகட்டும். கட்டில் விளிம்புக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு, கையை மட்டும் மேலே நீட்டினேன். "புடிச்சிக்கோ. நான் இங்க கீழ குந்தினு சிரிக்கிறேன்" என்றேன்.

"சிரிக்கிறியா? சத்தம் கேக்கலயே."

எனக்குச் சிரிக்க வரவில்லை. எப்படியோ ஹிஹி என்று ஒரு கேவலமான சத்தம் போட்டேன். அக்காவுக்குக் குலுங்கிக் குலுங்கி சிரிப்பு வந்துவிட்டது. வலியில் ஆ என்றாள், சிரித்தாள், மறுபடி ஆ என்றாள். என் விரல்களை நசுக்கிப் பிடித்திருந்தாள். சிஸ்டர் எடுத்துவிட்டார்.

படம் அருமையாக வந்திருந்தது. பூ வைத்த தலை, மொத்தப் பல்லும் தெரியும் சிரிப்பு, திறந்த கண். சாவு போட்டோ என்று எவனும் சொல்ல முடியாது. ஓரத்தில் என் கை, கண்ணாடி வளையலோடு. அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் குவெரி வந்தது. படத்தில் தெரியும் கை யாருடையது?

போடா நீயும் உன் கம்ப்யூட்டரும் என்று முதலில் வாயில் வந்தது. பிறகு நிதானமாக டைப் அடித்தேன். 'கை, காப்பீட்டு மேசை ஊழியர் செந்தமிழ்ச்செல்வியுடையது. நோயாளிக்குத் தனியாகப் படுக்கப் பயம். கையைப் பிடித்துக்கொண்டார். முகம் இல்லை.' அதே வளையலோடு என் கையைத் தனியாகவும் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்பினேன். நான் டீ குடித்து முடிப்பதற்குள் ஓகே வந்துவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் அக்கா முதலில் கேட்டது, தன் கட்டிலின் மெத்தை விரிப்பை யார் இவ்வளவு கோணலாகப் போட்டது என்று. எடுத்த கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அம்மாவாசை அதைப் படகுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினாராம். வேலையைப் பற்றி மேனேஜர் அப்புறம் முனகவில்லை. "ஒரு மாசம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லு" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

எடுத்தாளா? தடைக்காலம் முடிவதற்குள் வந்து நின்றாள். பளு தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார் என்று நான் கத்தினேன். "நான் எங்க தூக்குறேன், வாயத்தான் தூக்கினு வந்துக்கிறேன்" என்றாள். அன்றைக்குக் குடலிறக்கத்துக்கு என்று அஞ்சம்மாள் என்ற ஒரு மீன்காரம்மா வந்திருந்தார். படுக்கச் சொன்னதும் அழுகை. கன்னியம்மா உக்காந்தாத்தான் ஆச்சு என்று பிடிவாதம்.

"நான் உக்காரக் கூடாதுன்னுட்டாங்கம்மா. கொமரி ஒருத்தி இருக்கா, அவ கீழ குந்திப்பா. கைய நல்லா புடிச்சிக்க" என்று அக்கா என்னைக் கைகாட்டினாள்.

"எனக்கு வேற வேல இல்லியா? கீழ எத்தினி பேரு காத்துனு இருக்காங்க தெரியுமா?" என்று எகிறினேன். அஞ்சம்மாள் என் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

அப்புறம் அடுத்த கட்டில், அதற்கு அடுத்த கட்டில். தினமும் இதேதான். முழங்காலில் டெட்டால் வாசனை போகவே மாட்டேன் என்கிறது. ஆரம்பத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கை யாருடையது என்று குவெரி வந்தது. ஒவ்வொன்றுக்கும் அதே பதிலை அனுப்பினேன். ஒருநாள் குவெரி வருவது நின்றுவிட்டது. ஏன் என்று கம்ப்யூட்டரில் தேடினேன். கம்பெனியின் இணையதளத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கான பக்கத்தில் புதிதாக ஒரு குறிப்பு சேர்த்திருந்தார்கள், கோபிநாத் பெயர் போட்டு.

அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இன்னா போட்டுக்கிறான்?" என்றாள். நான் படித்தேன்.

"இந்த ஆஸ்பத்திரி அனுப்பும் படங்களில் ஒரு கை இருக்கும். ஏற்றுக்கொள்ளவும்."

அக்கா என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

"நல்லா இருக்கட்டும் அந்தப் புள்ள. எழுந்திரு, எழுந்திரு, கதவோரக் கட்டில்ல ஒருத்தன் செருப்பத் தேடறான்."